பள்ளி செல்போனைப் பறிமுதல் செய்யலாமா? வாங்கி வைப்பது வேறு, திருப்பித் தர மறுப்பது வேறு

2022 மே மாதத்தில் தமிழகப் பள்ளிக் கல்வித்துறை அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி, மாணவர்கள் பள்ளிக்குச் செல்போன் கொண்டுவந்தால் பறிமுதல் செய்யப்படும், திருப்பித் தரப்படாது என்று அறிவித்தார். 2025 பிப்ரவரி இறுதியில் டெல்லி உயர் நீதிமன்றம், பள்ளிக்கு ஸ்மார்ட்போன் கொண்டுவருவதை அடியோடு தடை செய்வது விரும்பத்தக்கதும் அல்ல, நடைமுறைக்கு ஒத்துவருவதும் அல்ல என்றது. அதே உத்தரவில், ஒழுங்கை மீறும் மாணவரிடமிருந்து போனைப் பறிமுதல் செய்வதை அனுமதிக்கத்தக்க நடவடிக்கையாகக் கருதலாம் என்றும் சொன்னது. அந்த ஆண்டு ஆகஸ்டில் தென்கொரிய நாடாளுமன்றம் வகுப்பு நேரத்தில் செல்போனுக்குத் தடை விதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

இந்தச் செய்திகளை அடுத்தடுத்துப் படிக்கும் ஒரு பெற்றோருக்கு எழும் கேள்வி எளிமையானது. என் பிள்ளையின் போனைப் பள்ளி பறிக்கலாமா, கூடாதா?

நேரடியாக ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாததற்குக் காரணம், நான்கு வெவ்வேறு செயல்களை ஒரே மூட்டையில் கட்டிப் பேசுவதுதான். முதலில் அவற்றைப் பிரித்துவிடலாம்.

நான்கு தனித்தனி அதிகாரங்கள்

1. தடுப்பது. போனைக் கொண்டுவரக் கூடாது, அல்லது கொண்டுவரலாம் ஆனால் பயன்படுத்தக் கூடாது என்று விதி போடுவது.

2. வாங்கி வைப்பது. விதியை மீறிய மாணவரிடமிருந்து போனை வாங்கி, பள்ளி முடியும் வரையோ பெற்றோர் வரும் வரையோ பாதுகாப்பில் வைப்பது.

3. திருப்பித் தராமல் இருப்பது. வாரக்கணக்கில், ஆண்டு இறுதி வரை, அல்லது நிரந்தரமாகவே வைத்துக்கொள்வது. ஏலம் விடுவது, உடைப்பது எல்லாம் இதன் நீட்சி.

4. திறந்து பார்ப்பது. பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி வாட்ஸ்அப், கேலரி, அழைப்புப் பட்டியல் ஆகியவற்றை ஆராய்வது.

முதல் இரண்டும் பள்ளிக்கு இருக்க வேண்டிய அதிகாரங்கள். மூன்றாவதற்குச் சட்டத்தில் இடமில்லை. நான்காவதைப் பள்ளி எப்போதும் செய்யக் கூடாது, உண்மையிலேயே ஆபத்தான சூழல் என்றால் அது பெற்றோர், காவல்துறையின் வேலை. இது இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு. ஆனால் நம் பள்ளிகளில் நடைமுறை கிட்டத்தட்ட தலைகீழாக இருக்கிறது. எதைத் தடுக்கிறோம் என்ற விதி எழுத்தில் இருக்காது, வாங்கியதற்குச் சீட்டு இருக்காது, எப்போது திரும்பக் கிடைக்கும் என்பது தலைமை ஆசிரியரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. இடையில் யாராவது போனைத் திறந்து பார்த்தும் இருப்பார்கள்.

ஆசிரியருக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

பள்ளிகளில் செல்போன் பற்றி இந்தியா முழுமைக்குமான தனிச் சட்டம் கிடையாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் செல்போன் என்ற பேச்சே இல்லை. இருப்பவை மாநிலக் கல்வித்துறைகளும் கேந்திரிய வித்யாலயா போன்ற அமைப்புகளும் அவ்வப்போது வெளியிடும் சுற்றறிக்கைகள்தான். டெல்லி கல்வி இயக்ககம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட சுற்றறிக்கை, மாணவர்கள் போன் கொண்டுவந்தால் லாக்கர் போன்ற வசதியில் வைத்து, வீட்டுக்குப் போகும்போது திருப்பித் தர வேண்டும் என்றது. ஆசிரியர்களும் வகுப்பறையில் போன் பயன்படுத்தக் கூடாது என்பதையும் அது சேர்த்துக்கொண்டது. ஆந்திர அரசும் அதே மாதம் மாணவர்கள் போன் கொண்டுவருவதைத் தடை செய்து, வகுப்பறையில் ஆசிரியர்களுக்கும் கட்டுப்பாடு விதித்தது.

சுற்றறிக்கைக்கு அடியில் இருக்கும் பழைய கோட்பாடு ஒன்று உண்டு. பள்ளி நேரத்தில் ஆசிரியர் பெற்றோரின் இடத்தில் நிற்கிறார் என்பது அது. ஆங்கிலேயச் சட்ட மரபிலிருந்து நமக்கு வந்தது. பெற்றோர் பிள்ளையிடமிருந்து போனை வாங்கி வைக்கலாம் என்றால் ஆசிரியரும் வைக்கலாம் என்ற வாதம் இதிலிருந்துதான் பிறக்கிறது.

இந்த வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு காலத்தில், பிள்ளையை அடித்துத் திருத்தும் உரிமையும் பெற்றோரிடமிருந்து ஆசிரியருக்கு வந்ததாகவே கருதப்பட்டது. 'கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க' என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டுப் போன பெற்றோர்களின் ஊர் இது. தமிழ்நாடு கல்வி விதிகளை 2003இல் திருத்தி அந்த அதிகாரத்தை நீக்கினார்கள். பிறகு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் நாடு முழுவதும் தடை செய்தது. ஆகவே, வீட்டில் பெற்றோர் செய்யக்கூடியதையெல்லாம் பள்ளியும் செய்யலாம் என்ற கணக்கு எப்போதோ உடைந்துவிட்டது. மிஞ்சியிருப்பது, வகுப்பு நடக்கவும் பிள்ளைகள் பாதுகாப்பாக இருக்கவும் எவ்வளவு தேவையோ அவ்வளவு அதிகாரம். மணி அடிக்கும் வரை போனை வாங்கி வைப்பது அந்த அளவுக்குள் வரும். மூன்று மாதம் பீரோவில் பூட்டி வைப்பதால் எந்த வகுப்பும் கூடுதலாக நடந்துவிடாது.

டெல்லி உயர் நீதிமன்றம் உண்மையில் சொன்னது

பள்ளியில் ஸ்மார்ட்போன் பயன்படுத்தியதாக நடவடிக்கைக்கு உள்ளான ஒரு கேந்திரிய வித்யாலயா மாணவர் தொடர்பான வழக்கு அது. நீதிபதி அனுப் ஜெய்ராம் பம்பானி விசாரித்தார். 'போன் கொண்டுபோவது உரிமை' என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதாகச் சிலரும், 'பறிமுதலுக்கு நீதிமன்றம் அனுமதி' என்று வேறு சிலரும் பகிர்ந்தார்கள். இரண்டுமே பாதிதான்.

உத்தரவின் சாரம் இது. பெற்றோருடன் தொடர்பில் இருக்கவும் பிள்ளையின் பாதுகாப்புக்கும் போன் உதவுகிறது என்பதால், கொண்டுவருவதைப் பொதுவாகத் தடுக்க வேண்டாம். கொண்டுவந்த பின் அதன் பயன்பாட்டைப் பள்ளி ஒழுங்குபடுத்தலாம், கண்காணிக்கலாம். இடவசதி இருந்தால் உள்ளே வரும்போதே வாங்கி வைத்து, போகும்போது கொடுக்கலாம். வகுப்பறையில் போன் இடையூறாக இருக்கக் கூடாது. பள்ளியின் பொது இடங்களிலும் வாகனங்களிலும் படம் எடுப்பதும் பதிவு செய்வதும் கூடாது. இணையத்தில் பொறுப்பாக நடந்துகொள்வதைப் பள்ளி கற்றுத்தர வேண்டும். கொள்கையைப் பெற்றோர், ஆசிரியர், நிபுணர்களுடன் கலந்து வகுக்க வேண்டும். மீறினால் வரும் விளைவுகள் வெளிப்படையாகவும் நியாயமாகவும் நடைமுறைப்படுத்தக் கூடியவையாகவும் இருக்க வேண்டும். அளவுக்கு மீறிக் கடுமையாக இருக்கக் கூடாது. பறிமுதல் என்பது அந்த விளைவுகளில் ஒன்றாக, இந்தச் சங்கிலியின் கடைசியில்தான் வருகிறது.

சென்னை உயர் நீதிமன்றத்தையோ தமிழ்நாட்டுப் பள்ளிகளையோ இந்த உத்தரவு கட்டுப்படுத்தாது. இங்கே ஒரு வழக்கு வந்தால் மேற்கோள் காட்டலாம், அவ்வளவுதான்.

அந்தப் போன் யாருடையது?

பறிமுதல் பற்றிய பேச்சில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டால் பிரச்சினையின் வடிவமே மாறிவிடும்.

கிராமப்புற இந்தியாவில் 2018இல் 36 சதவீத வீடுகளில்தான் ஸ்மார்ட்போன் இருந்தது என்கிறது கிராமப்புறப் பிள்ளைகளின் கல்வி நிலையை அளக்கும் அசர் (ASER) ஆய்வு. கொரோனா வந்தது, வகுப்புகள் ஆன்லைனுக்குப் போயின, கடன் வாங்கியாவது போன் வாங்கினார்கள். 2022இல் அந்த எண்ணிக்கை 74.8 சதவீதம் ஆனது. ஆனால் 2024 அசர் அறிக்கையில் இன்னொரு தகவல் இருக்கிறது. ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த பிள்ளைகளிலும், தனக்கென்று சொந்தமாகப் போன் வைத்திருப்பவர்கள் 14 வயதில் 27 சதவீதம், 16 வயதில் 37.8 சதவீதம் மட்டுமே. மற்றவர்கள் கையில் இருப்பது அப்பாவின் போன், அம்மாவின் போன், அக்காவின் போன்.

அதாவது பள்ளி பறிப்பது பெரும்பாலும் தவறு செய்தவரின் பொருளை அல்ல, அவர் வீட்டாரின் பொருளை. அதில் வங்கிக் கணக்குக்கு வரும் ஓடிபி இருக்கும், ஜிபே இருக்கும், நூறு நாள் வேலைத் தகவலும் கேஸ் புக்கிங்கும் அந்த எண்ணுக்குத்தான் வரும். மாணவரிடமிருந்து பிடுங்கிய கிரிக்கெட் பந்தை மேசை டிராயரில் போட்டு வைத்த காலத்துப் பழக்கத்தை, ஒரு குடும்பத்தின் பணப்பையும் அடையாளமும் சேர்ந்த ஒரு கருவிக்கு அப்படியே நீட்டியிருக்கிறோம்.

சட்டம் இங்கே மூன்று படிகளாக வருகிறது.

1. இது திருட்டா? இல்லை. திருட்டுக் குற்றத்துக்கு நேர்மையற்ற எண்ணம் வேண்டும். ஒழுங்குக்காக, திருப்பித் தரும் எண்ணத்துடன் ஆசிரியர் வாங்கி வைப்பதில் அது இல்லை. 'வாத்தியார் மேல திருட்டு கேஸ் போடுவேன்' என்று ஆத்திரத்தில் சொல்லும் பெற்றோருக்கு இதுதான் பதில்.

2. வாங்கிய பின் பொறுப்பு யாருக்கு? பள்ளிக்கு. ஒருவரின் பொருளை மற்றவர் குறிப்பிட்ட நோக்கத்துக்காகத் தன் பாதுகாப்பில் வைத்திருக்கும் உறவை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 148ஆம் பிரிவு முதல் விவரிக்கிறது. 151ஆம் பிரிவின்படி, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளுக்குக் காட்டும் அக்கறையை அந்தப் பொருளுக்கும் காட்ட வேண்டும். பள்ளிக்கும் மாணவருக்கும் ஒப்பந்தம் எதுவும் இல்லையே என்று தப்பிக்க முடியாது. ஜூனாகட் சமஸ்தானம் 1947இல் சுங்கச் சட்டத்தின் கீழ் பறிமுதல் செய்த வாகனங்கள், மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே கேட்பாரற்ற சொத்தாக விற்கப்பட்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், பறித்து வைத்திருப்பவருக்குப் பொருளைக் காக்கும் கடமை உண்டு என்று 1967இல் உச்ச நீதிமன்றம், ஜூனாகட்டின் பொறுப்பை ஏற்றிருந்த குஜராத் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அங்கே பறித்தது ஓர் அரசு, அதுவும் சட்டப்படி பறித்தது. அதற்கே இந்தக் கடமை என்றால் பள்ளிக்கு எப்படி இல்லாமல் போகும்?

3. திருப்பித் தராமல் இருக்கலாமா? அரசியல் சட்டத்தின் 300ஏ பிரிவு, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. அரசுப் பள்ளிக்கு இது நேரடியாகப் பொருந்தும். சுற்றறிக்கையோ அமைச்சரின் பேட்டியோ சட்டம் ஆகாது. தனியார் பள்ளி என்றால் உரிமையாளர் சாதாரண உரிமையியல் சட்டப்படி பொருளையும் இழப்பீட்டையும் கேட்கலாம்.

இதனால்தான் 'பறிமுதல் செய்யப்படும், திருப்பித் தரப்படாது' என்ற வாக்கியத்தின் முற்பகுதிக்கு நியாயம் உண்டு, பிற்பகுதிக்கு இல்லை என்கிறேன். எச்சரிக்கையாகச் சொல்லியிருக்கலாம், பெரும்பாலான தலைமை ஆசிரியர்களும் கடைசியில் பெற்றோரை வரவழைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் அறிவிப்பை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு ஒரு பள்ளி நடந்தால், மாட்டிக்கொள்வது அந்தப் பள்ளிதான்.

போலீஸாரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருளைக் கைப்பற்றினால் பட்டியல் எழுத வேண்டும், நீதித்துறை நடுவருக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும். போலீஸை விட மிகக் குறைந்த அதிகாரம் கொண்ட பள்ளி, ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதாமல் போனை வாங்கிப் பீரோவில் போடுகிறது.

உடைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கர்நாடகத்தின் சிர்சியில் 2019இல் ஒரு கல்லூரி முதல்வர், பிளஸ் டூ நிலை மாணவர்களிடம் பறித்த போன்களை அவர்கள் முன்னிலையில் சுத்தியலால் உடைத்த காணொளி நாடெங்கும் பரவியது. கைதட்டியவர்களும் இருந்தார்கள். பிறர் சொத்தை வேண்டுமென்றே அழிப்பது தண்டனைச் சட்டத்தில் குற்றம். நல்ல நோக்கம் அதை மாற்றாது.

கையெழுத்து வாங்கிவிட்டால் போதுமா?

பல பள்ளிகள் சேர்க்கையின்போதே 'போன் கொண்டுவந்தால் பள்ளி எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்' என்று எழுதி வாங்குகின்றன. அதில் மாணவர் மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தால் பயன் இல்லை. 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903 முதல் நிலைபெற்ற சட்டம். பெற்றோர் கையெழுத்து பயன்படும், ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து. 'மாலை வரை வாங்கி வைப்போம், இரண்டாவது முறை என்றால் பெற்றோர் வந்து பெற வேண்டும்' என்பது தெளிவான ஒப்புதல். 'எந்த நடவடிக்கைக்கும்' என்பது எதற்கும் ஒப்புதல் ஆகாது.

திறந்து பார்ப்பதில் உள்ள வினை

நான்கில் மிக மோசமானது இதுதான். ஆனால் பள்ளிகளில் அதிகம் யோசிக்காமல் செய்யப்படுவதும் இதுவே.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தது. 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு அது கிடையாது என்று அந்தத் தீர்ப்பில் எங்கும் இல்லை. உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஒரு கருவிக்குள் நுழைவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு தனியாகக் கையாள்கிறது. பயந்து நிற்கும் 14 வயதுப் பிள்ளையிடம் பேட்டர்ன் லாக்கைப் போடச் சொல்லி வாங்குவதை அனுமதி என்று யாரும் வாதாட முடியாது. போன் அம்மாவுடையது என்றால் அந்தப் பிள்ளைக்கே அனுமதி கொடுக்கும் உரிமை உண்டா என்பது அடுத்த கேள்வி.

அமெரிக்காவில் இதற்கு நல்ல வழக்கு ஒன்று உண்டு. கென்டக்கி மாநிலத்தில் வகுப்பில் குறுஞ்செய்தி அனுப்பிய மாணவரிடமிருந்து வாங்கப்பட்ட போனில் இருந்த செய்திகளைப் பள்ளி நிர்வாகி படித்தார். அந்த மாணவர் முன்பு மன உளைச்சலில் இருந்தவர், அதனால் கவலைப்பட்டுப் பார்த்தோம் என்று பள்ளித் தரப்பு சொன்னது. 2013இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. போன் பயன்படுத்தியது விதிமீறல்தான், அதற்காக வாங்கி வைத்ததில் பிரச்சினை எழவில்லை. அந்த விதிமீறலை மட்டும் காரணம் காட்டி உள்ளே தேட முடியாது என்றது. வாங்கி வைப்பதையும் திறந்து பார்ப்பதையும் இவ்வளவு துல்லியமாகப் பிரித்த தீர்ப்புகள் குறைவு.

இங்கிலாந்து வேறு பாதையில் போயிருக்கிறது. தக்க காரணம் இருந்தால் போனில் உள்ள தரவைப் பார்க்கவும், சில சூழல்களில் அழிக்கவும்கூட 2011ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பள்ளி ஊழியர்களுக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் குழந்தைகளின் ஆபாசப் படம் இருக்கும் என்று சந்தேகம் வந்தால் ஊழியர் வேண்டுமென்றே பார்க்கவோ நகல் எடுக்கவோ கூடாது, குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் போனை ஒப்படைக்க வேண்டும் என்று அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது.

இந்தக் கடைசி விஷயம் நம் ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாணவரின் போனில் ஒரு மாணவியின் ஆபாசப் படம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'ஆதாரம்' என்று நினைத்து ஆசிரியர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தலைமை ஆசிரியருக்கோ ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கோ அனுப்பினால், அப்படி அனுப்புவதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவுக்குள் வரக்கூடும். செய்ய வேண்டியது வேறு: போனை அணைத்து, யாரும் பார்க்காமல் வைத்து, போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தகவல் சொல்வது. தகவல் சொல்லாமல் இருப்பதும் குற்றம்தான்.

படம் எடுப்பது மாணவர்கள் மட்டுமல்ல. 2025 ஜனவரியில் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், போனைப் பறித்ததற்காகப் பள்ளி முதல்வரை மிரட்டிய பிளஸ் ஒன் மாணவர் ஒருவரின் காணொளி பரபரப்பானது. அதைப் பதிவு செய்தது ஆசிரியர் தரப்பு. மாணவர் பேசியது தவறு, சந்தேகமில்லை. அந்தக் காட்சி தொலைக்காட்சிவரை போனதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மற்ற நாடுகள் எப்படிக் கையாண்டன?

யுனெஸ்கோவின் கணக்குப்படி 2024 இறுதியில் 79 கல்வி அமைப்புகளில் பள்ளி செல்போன் தடை ஏதோ ஒரு வடிவில் இருந்தது. அவற்றில் நமக்குப் பாடம் உள்ளவை சில.

பிரான்ஸ்: 2018 ஆகஸ்டு 3 தேதியிட்ட சட்டம் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் போன் பயன்பாட்டைத் தடை செய்தது. அதன் சிறப்பு தடையில் இல்லை. விதியை மீறினால் கருவியைப் பள்ளி ஊழியர் பறிமுதல் செய்யலாம் என்று சட்டத்திலேயே எழுதி, எப்படிப் பறிப்பது, எப்படித் திருப்பித் தருவது என்பதை ஒவ்வொரு பள்ளியின் உள்விதியும் குறிப்பிட வேண்டும் என்றும் சேர்த்தார்கள். பறிப்பும் திருப்பித் தருவதும் ஒரே வரியில். நான் பார்த்தவரை இதுதான் நேர்த்தியான தீர்வு.

இங்கிலாந்து: 2006ஆம் ஆண்டின் கல்வி மற்றும் ஆய்வுச் சட்டத்தின் 94ஆம் பிரிவு, சட்டப்படி வாங்கி வைத்த பொருள் தொலைந்தாலோ சேதமானாலோ ஊழியர் பொறுப்பல்ல என்று ஆசிரியரைக் காக்கிறது. இந்தியாவில் அப்படி ஒரு கவசம் இல்லை. 40,000 ரூபாய் போன் பீரோவிலிருந்து காணாமல் போனால், பொறுப்பு பள்ளிக்கு என்றாலும், வாங்கி வைத்த ஆசிரியர் தன் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுக்க நேரலாம். பறிமுதல் அதிகாரம் வேண்டும் என்று கேட்கும் ஆசிரியர் சங்கங்கள் முதலில் இந்தக் கவசத்தைக் கேட்க வேண்டும்.

தென்கொரியா: அந்நாட்டின் தேசிய மனித உரிமை ஆணையம், காலையில் எல்லா மாணவர்களின் போனையும் மொத்தமாக வாங்கி வைப்பது உரிமை மீறல் என்று 2014 முதல் சொல்லிவந்தது. 2024 அக்டோபரில் நிலையை மாற்றி, அது உரிமை மீறல் அல்ல என்றது. அடுத்த ஆண்டு சட்டமே வந்தது. 2026 மார்ச் முதல் நடைமுறை. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் பாடத் தேவைக்கும் அவசர நிலைக்கும் விலக்கு உண்டு.

நியூயார்க் நகரம்: மேயர் மைக்கேல் புளூம்பெர்க் காலத்தில் 2006 முதல் போன் கொண்டுவருவதற்கே கடுமையான தடை. பெற்றோர் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். நடந்தது என்னவென்றால், மெட்டல் டிடெக்டர் இருந்த பள்ளிகளில்தான் தடை முழுமையாக அமலானது. அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் பெரும்பாலும் ஏழைப் பிள்ளைகள். பள்ளி வாசலில் வேன்கள் வந்து நின்றன. ஒரு நாளைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு போனை வைத்திருந்து மாலையில் கொடுத்தன. வசதியான பகுதிப் பள்ளிகளில் 'கண்ணில் படாமல் வைத்துக்கொள்' என்பதோடு முடிந்தது. 2015இல் தடை நீக்கப்பட்டது. கொண்டுவருவதையே தடுக்கும் விதி யார் தலையில் விடிகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. காலை 6 மணிக்கு டவுன் பஸ் ஏறி, பள்ளி முடிந்து டியூஷன் போய், இரவு 8 மணிக்கு ஊர் திரும்பும் பிள்ளையிடம் போனே வேண்டாம் என்று சொல்வது, வேனில் வந்து காரில் போகும் பிள்ளையிடம் சொல்வதைப் போன்றதல்ல.

தடையால் படிப்பு கூடுகிறதா?

இதில் இரு தரப்பும் ஆய்வுகளை வீசுகின்றன. சுருக்கமாகச் சொன்னால் முடிவுகள் கலவையானவை. லண்டன், மான்செஸ்டர் உட்பட 4 இங்கிலாந்து நகரங்களின் 91 பள்ளிகளை வைத்து 2015இல் வெளியான ஆய்வு, தடைக்குப் பின் மதிப்பெண் சற்றுக் கூடியதாகவும், பலன் பெரும்பாலும் படிப்பில் பின்தங்கியவர்களுக்கே போனதாகவும் சொன்னது. சுவீடனில் அதே முறையில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. பர்மிங்காம் பல்கலைக்கழகம் 30 பள்ளிகளில் 1,227 மாணவர்களை வைத்து நடத்தி 2025இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளியில் மட்டும் போனைக் கட்டுப்படுத்துவதால் மாணவரின் மனநலத்தில் வேறுபாடு காணப்படவில்லை. பள்ளியில் விட்டதை வீட்டில் பிடித்துக்கொள்கிறார்கள்.

என் பார்வையில் பறிமுதல் அதிகாரத்துக்கு இந்த ஆய்வுகள் எதுவும் தேவையில்லை. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒருவர் ரீல்ஸ் பார்த்தால் மற்றவர்களின் பாடம் கெடுகிறது, அனுமதியின்றி எடுக்கப்படும் ஒரு படம் ஒரு மாணவியின் படிப்பையே நிறுத்திவிடக்கூடும். வகுப்பு நேரத்தில் போனை வாங்கி வைக்க இவை போதும். அதற்கு மேல் போவதற்குத்தான் காரணம் சொல்ல வேண்டும்.

ஒரு பள்ளி விதி எழுதுவதானால்

1. எழுத்தில் இருக்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவிலோ பெற்றோர் ஆசிரியர் கழகத்திலோ பேசி முடிவெடுத்து, தமிழில் அச்சிட்டு, பெற்றோரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

2. வாங்கும்போதே மாணவர் கண் முன்னால் அணைத்து, உறையில் போட்டு, பெயர், வகுப்பு, மாடல், நேரம் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். ஏற்கெனவே விரிசல் இருந்தால் அதையும் குறிக்க வேண்டும். பிறகு வரும் சண்டையில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

3. முதல் முறை என்றால் அன்று மாலை மாணவரிடமே கொடுக்கலாம். அடுத்த முறை பெற்றோரிடம். பெற்றோர் தினக்கூலி வேலையில் இருப்பவர் என்றால் 'நாளைக் காலை 10 மணிக்கு வந்தால்தான்' என்பது அவருக்கு ஒரு நாள் சம்பளத்தை அபராதமாகப் போடுவது. காலை வழிபாட்டுக்கு முன்போ மாலை 5 மணிக்கோ வரச் சொல்லலாம்.

4. சிம்மை மட்டும் கேட்டால் மறுக்கக் கூடாது. வீட்டாரின் ஓடிபி அதில்தான் வரும்.

5. யாரும் திறந்து பார்க்கக் கூடாது. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று நம்பக் காரணம் இருந்தால் பெற்றோரையும் காவல்துறையையும் அழைக்க வேண்டும், தானே துப்பறியக் கூடாது.

6. விலக்குகள். முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகள் சிலர் சர்க்கரை அளவைத் தோலில் ஒட்டிய கருவி மூலம் போனில் பார்க்கிறார்கள். அவர்களுக்கு அது மருத்துவக் கருவி.

மூன்றாவதில் ஒரு சிக்கல் உண்டு, அதற்கு எளிய விடை கிடையாது. சில வீடுகளில், மகளிடம் போன் இருந்தது என்று பள்ளி சொன்ன மறுநாளே அவளுடைய படிப்பு நிறுத்தப்படும், அல்லது மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவார்கள். வகுப்பில் போன் பார்த்ததற்கு அது தண்டனையாக முடியாது. பெற்றோரை அழைக்கும் முன் அந்தப் பிள்ளையிடம் தனியாகப் பேசி வீட்டு நிலையைத் தெரிந்துகொள்ளும் ஆசிரியரால்தான் இதைக் கையாள முடியும். விதியால் முடியாது.

தர மறுத்தால்?

விதியெல்லாம் எழுதியாயிற்று, மாணவர் 'தர மாட்டேன் சார்' என்கிறார். நடப்பில் பெரும்பாலான அசம்பாவிதங்கள் நிகழ்வது இந்த ஓரிரு நிமிடங்களில்தான். கையை முறுக்கிப் பிடுங்குவது, சட்டைப் பைக்குள் கைவிடுவது, மாணவிகளின் உடலைச் சோதிப்பது எதுவும் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு. அதற்கு மேற்பட்டவர்களுக்குச் சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு இருக்கிறது. மறுத்ததைத் தனி ஒழுங்குமீறலாகக் குறித்துக்கொண்டு, தலைமை ஆசிரியருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, ஆசிரியர் பாடத்தைத் தொடரலாம். அன்று மாலையோ மறுநாளோ பெற்றோர் முன்னிலையில் பேசும்போது போனும் வரும், காரணமும் வரும்.